தண்ணீர் வரிசைப் படம்

ஏப்ரல் 24, 2018

கிணற்று மோட்டர் திரும்பவும் நின்றுவிட்டது. காலை முழுவதும் வாளியால் அள்ளி மரங்களுக்கு ஊற்றினேன். தோள்மூட்டு இப்போதும் நோகிறது. நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கஜேந்தினி முதல் தொகுதிப் படங்களை முகநூலில் போட்டு முடித்திருந்தாள்.

இந்த வேலைக்குள் எப்படி வந்தேன் என்பதை எழுதிவைக்க வேண்டும். சண்டைக் காலத்தில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தோடு இங்கே வந்து பல வருடம் தாதியாக வேலைசெய்த இன்கிரிட் என்ற அம்மா போன வருடம் காலமானார். அவருடைய வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறையப் பட நெகட்டிவ்கள் இருந்திருக்கின்றன. மருமகன் அவற்றையெல்லாம் ஸ்கான் செய்து எங்கள் நூலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். இடமும் இல்லை, திகதியும் இல்லை. வெறும் படங்கள்.

கஜேந்தினிதான் நூலகத்தின் படச் சேகரிப்புக்குப் பொறுப்பு. "அன்ரி, நீங்கள் நில அளவைக் கந்தோரில படம் கீறின ஆள். இடமெல்லாம் தெரியும்தானே, வந்து உதவி செய்யுங்கோ" என்றாள். எனக்கு இடங்கள் வரைபடத்தில் இருந்த மாதிரித்தான் தெரியும். இந்தப் படங்களில் இருப்பவை அவை உடைந்த பிறகான இடங்கள்.

அதனால் சனத்திடம் கேட்கிறோம். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரே கேள்வி: இது எந்த இடம்?

ஏப்ரல் 27

சனம் பதில் எழுதிக் குவிக்கிறது. ஒரு மதகின் படத்துக்காக ரொறன்ரோவில் இருக்கிற ஒருவரும் ஒஸ்லோவில் இருக்கிற ஒருவரும் இரண்டு நாளாகச் சண்டை பிடிக்கிறார்கள். ஒருவர் கோண்டாவில் என்கிறார், மற்றவர் கோப்பாய். கடைசியில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து, "அது எங்கட வீட்டு முன் மதகு. அதுக்குள்ள விழுந்து எனக்குப் பல் உடைஞ்சது. இடம் உரும்பிராய்" என்று எழுத, இரண்டு பேரும் அடங்கினார்கள். நாங்கள் போய்ப் பார்த்தோம். உரும்பிராய்தான்.

ஏப்ரல் 29

ஞாயிறு. மகன் நிரூபன் லியோனிலிருந்து வீடியோவில் வந்தான். மேல்மாடி அறைக்கு எனக்காகப் புதுக் கட்டில் வாங்கியிருக்கிறானாம். கமராவைத் திருப்பிக் காட்டினான்.

"விசா என்னமாதிரி அம்மா?"

"இன்னும் வரேல்லை."

"வந்த உடன ரிக்கற் போடுவம். ஒரேயடியா வாங்கோ. வீட்டைப் பற்றிப் பிறகு யோசிப்பம்."

மோட்டர் திருத்துகிறவன் வரப்போகிறான் என்று சொல்லிக் கதையை முடித்தேன். அவன் வரவில்லை.

மே 2

இன்றைக்குப் போட்டவற்றில் ஒரு படம் பெரிதாகப் போய்க்கொண்டிருக்கிறது. முள்ளுக்கம்பி வேலிக்குப் பின்னால் ஒரு நீளமான மண்டபம். தண்ணீர்க் குழாய் ஒன்று. அதன் முன்னால் பெடியன்களும் ஆண்களுமாக ஒரு வரிசை. எல்லோரும் குழாயைப் பார்த்தபடி நிற்க, பத்தொன்பது இருபது வயது மதிக்கத்தக்க ஒருவன் மட்டும் கமராவைத் திரும்பிப் பார்க்கிறான். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர்த்துண்டு.

தென்மராட்சியில் இருந்த ஒரு பழைய நெற்களஞ்சியம் என்று கனடாவிலிருந்து ஒருவர் எழுதினார். தொண்ணூற்றாறில் இராணுவம் பிடித்துக்கொண்டு போனவர்களை அங்கே வைத்திருந்ததாக அப்போது ஒரு கதை இருந்தது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. கம்பியைப் பார்த்ததும் எல்லோருக்கும் அதுதான் என்று பட்டுவிட்டது. நான் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். களஞ்சியம் நீளமானதுதான். வேறொன்றும் சொல்ல முடியவில்லை.

மே 5

மங்கையர்க்கரசி அக்கா ஓட்டோவில் நூலகத்துக்கு வந்தார். எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர், அரசி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எழுபது தாண்டிவிட்டது. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம் அவருடைய ஒரே மகன் கிருபாகரன் சைக்கிளில் போனபோது சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டான். சைக்கிள் மட்டும் பிறகு கிடைத்தது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்த விஷயம் என்பதாலேயே ஒருவரும் அதைப் பேசுவதில்லை.

தங்கையின் மகன், அவருடைய பெறாமகன், போனில் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறான். அக்கா கஜேந்தினியின் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து, பெரிய திரையில் அந்தப் பெடியனைப் பார்த்தார்.

"இது என்ர பிள்ளை" என்றார்.

கஜேந்தினி அழுதுவிட்டாள். அக்கா அழவில்லை. ஒரு பிரதி வேண்டுமென்று கேட்டார். அச்சடித்துக் கொடுத்தோம். முன்பின் தெரியாத ஆளின் வீட்டுக்குப் போகிறவர் பெயர்ப்பலகையை வாசிப்பதுபோலப் படத்தை எட்டப் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.

மே 11

அரசி அக்கா வீட்டில் எந்த நேரமும் ஆட்கள். பத்திரிகைக்காரர் வந்தார்கள். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் போராட்டம் நடத்துகிற பந்தலிலிருந்து தாய்மார் வந்தார்கள். கிருபாவோடு படித்த ஒருவன், இப்போது தலை நரைத்துவிட்டது, சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

நான் வெண்டிக்காய் கொண்டுபோயிருந்தேன். அக்கா எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. கிருபாவுக்கு மாடென்றால் பயமாம். ஒழுங்கையில் மாடு நின்றால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஒழுங்கையால் வருவானாம். கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பு கடித்துச் சொறியுமாம். சுவிஸ்காரனின் மகள், "பிறகு என்ன செய்வார் அம்மம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

படம் கண்ணாடி போட்டு மேசையில் நின்றது. மாலை போடவில்லை.

மே 13

மோட்டர் சரி. இரண்டாயிரம் கேட்டான், கொடுத்தேன். நிரூபனுக்கு இன்றைக்கு வேலை, எடுக்கவில்லை.

மே 16

மன்னாரிலிருந்து ஜசிந்தா என்ற கன்னியாஸ்திரி தண்ணீர் வரிசைப் படத்தின் கீழ் எழுதியிருக்கிறார்: "ஓரத்தில் இருப்பது சுவர் இல்லை. பெருக்கமரம். எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும்."

நூறு பேரின் பதில்களுக்கு நடுவில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். யானையின் கால்போல மடிப்பு விழுந்த தோல். இத்தனை நாளாகச் சுவராகத் தெரிந்தது இனி ஒருபோதும் சுவராகத் தெரியப்போவதில்லை. பாவோபாப் என்கிற அந்தப் பருத்த மரம் மன்னார்த் தீவில் நிற்கும். தென்மராட்சியில் நான் ஒன்றும் கண்டதில்லை.

கஜேந்தினியிடம் சொன்னேன். "ஐயோ அன்ரி" என்றாள்.

மே 19

விடியற்காலை பஸ்ஸில் பூநகரி வழியாக மன்னார் போய், அங்கிருந்து பேசாலை பஸ் எடுத்தேன். சிஸ்டர் ஜசிந்தா பஸ் தரிப்பில் குடையோடு நின்றார். நேரே ஒரு சிறு கோயிலின் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மரம் அப்படியே நிற்கிறது. இடுப்பு உயரத்தில் ஒரு முடிச்சு, அதற்கு மேல் இரண்டு மடிப்பு, மேலே ஒரு பள்ளம். படத்தில் உள்ளவைதான். நான் படத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் போய், மரமும் படமும் ஒத்துவந்த இடத்தில் நின்றேன். இன்கிரிட் அம்மா நின்ற இடம். செருப்புக்குள் மணல் சுட்டது.

மண்டபம் இல்லை, அத்திவாரக் கல் மட்டும் தெரிகிறது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சந்தியோகு ஐயா வந்தார். "தொண்ணூறு, தொண்ணூற்றொண்டில இது முழுக்க அகதிச் சனம். இந்தியாவுக்குப் போகவெண்டு வந்து நிண்ட ஆக்கள். இந்த மண்டபத்தைத் தொண்ணூற்றிநாலில இடிச்சுப்போட்டம்."

"முள்ளுக்கம்பி?"

"அது ஆடு வராமலுக்கு அடிச்சதம்மா. பின்னால மிளகாய்த் தோட்டம் இருந்தது."

சிஸ்டர் பொரித்த மீனோடு சோறு தந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்குப் போடாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. மண்டபத்தை இடித்தபோது கிருபாகரன் தன் வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தான். அந்தப் படம் எடுத்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. படத்தில் நிற்பவனுக்குத் தாடி அரும்பியிருக்கிறது.

மே 21

பாஸ்போட் தபாலில் வந்தது. விசா குத்தியிருக்கிறது. அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன்.

மே 22

அரசி அக்கா வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் மூன்று சைக்கிள் நின்றது. திரும்பி வந்துவிட்டேன்.

மே 25

கஜேந்தினி கேட்கிறாள், "இடத்தைச் சரியா எழுதவேணுமே அன்ரி, என்ன செய்வம்?" அவள் கேட்பது நியாயம். பிழை என்று தெரிந்துகொண்டே ஒரு படத்தை விட்டுவைத்தால் மற்றப் படங்களுக்கும் மதிப்பில்லை. அக்காவுக்கு முதலில் நான் சொல்கிறேன், அதுவரை பொறு என்றேன்.

முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு. கொப்புகளை வெட்டி எரித்தேன். அரிசிமா இடித்து வறுத்தேன். துணிகளெல்லாம் தோய்த்தேன், தோய்க்கத் தேவையில்லாத திரைச்சீலையையும்.

மே 27

நிரூபன்: "விசா?"

"பாக்கேல்லை."

பாஸ்போட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சேலைக்குள் வைத்தேன். இருந்தாலும் வாயில் அப்படித்தான் வந்தது.

மே 30

இன்றைக்குச் சொன்னேன்.

பின்னேரம் போனபோது அக்கா தனியாகக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார். நான் நின்றுகொண்டே பேசாலைக்குப் போனதைச் சொன்னேன். மரத்தை, மண்டபத்தை, இடித்த வருடத்தைச் சொன்னேன். "அக்கா, அந்தப் படம் எடுக்கேக்குள்ள கிருபா சின்னப் பிள்ளை" என்று சொல்லி முடித்தேன்.

அக்கா துருவுவதை நிறுத்தவில்லை. பாதி முடிந்ததும் தேங்காய்ப்பூவைக் கையால் ஒதுக்கினார்.

"அது அவனில்லை எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பெறாமோன் காட்டேக்குள்ள ஒரு செக்கன் அவனெண்டு நினைச்சன். உங்கட நூலகத்தில பெரிசாப் பாத்த உடன தெரிஞ்சுபோச்சு. கிருபாவின்ர வலக்காது மேல்பக்கம் மடிஞ்சு கிடக்கும். பிறந்த அண்டைக்கு நேர்ஸ் காட்டினது. இந்தப் பிள்ளைக்கு நல்ல காது."

"அப்ப ஏனக்கா?"

"வாய் சொல்லிப்போட்டுது. திருப்பி எடுப்பம் எண்டுதான் இருந்தனான். அடுத்த நாள் சனம் வரத் தொடங்கிற்றுது." தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். "பந்தலில அவன்ர பேரை வாசிப்பினம். வயசு வாசிப்பினம். காணாமல் போன திகதி வாசிப்பினம். விசாரணைக்காரர் வந்தாலும் அதுதான். என்ன உடுப்புப் போட்டிருந்தவன், எந்தச் சந்தி. இருபத்திரண்டு வருசமா அவன் என்ன மாதிரிப் பிள்ளை எண்டு ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை. நீரும் கேக்கேல்லை சோதி. பிழையாச் சொல்லேல்லை, கேட்டால் எனக்கு நோகும் எண்டுதான் எல்லாரும் கேக்காமல் விட்டது. இந்தப் படம் வந்தாப் பிறகுதான் வாற எல்லாரும் கேட்டவை. நானும் சொன்னன். சொல்லச் சொல்ல, நான் மறந்துபோனதுகளும் வந்துது."

நான் கீழே பலகையில் இருந்துவிட்டேன். அக்கா துருவின பூவை என் பக்கம் தள்ளிப் பால் பிழியச் சொன்னார். பிழிந்தேன்.

நான் கிளம்பும்போது படத்தை எடுத்து வந்தார். "அப்ப இது ஆரின்ர பிள்ளை?"

"தெரியாதக்கா."

"இதுக்கும் ஒரு தாய் இருப்பாள். கண்டுபிடிக்கப் பாரும். என்ர பிள்ளையெண்டு எழுதினதை அழிச்சுவிடச் சொல்லும்."

ஜூன் 1

படத்தின் கீழே திருத்தம் போட்டோம். பேசாலை, சுமார் 1991, அகதி முகாம். முன்பு சொல்லப்பட்ட அடையாளம் தவறானது. தாயாரே அதை உறுதிப்படுத்தினார். படத்தில் இருப்பவரைத் தெரிந்தவர்கள் சொல்லவும்.

சிலர் கோபமாக எழுதுகிறார்கள். நூலகம் தாயை ஏமாற்றிவிட்டதாம். தாய் சனத்தை ஏமாற்றிவிட்டாராம். கஜேந்தினி ஒவ்வொருவருக்கும் பதில் எழுதப் புறப்பட்டாள். வேண்டாம், சாப்பிட வா என்றேன்.

அக்கா வீட்டுக்கு ஆட்கள் குறைந்துபோனார்கள். பின்னேரங்களில் நான் போகிறேன். கேட்கிறேன். முதலில் என்ன கேட்பதென்று தெரியவில்லை. கிருபாவுக்குப் பாட்டு வருமா என்று கேட்டேன். "கொடுமை" என்றார் அக்கா. "கிணத்தடியில நிண்டு கத்துவான். பக்கத்து வீட்டு நாய் ஊளையிடும்."

ஜூன் 8

வந்துவிட்டது. ஒரு இளம்பெண் எழுதியிருக்கிறாள்: "இது எங்கள் அப்பா. இப்போது தலைமன்னாரில் இருக்கிறோம். படத்தைக் காட்டினேன். நேரில் வரலாமா என்று கேட்கிறார்."

அவள் தந்த தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தோம். சில்வெஸ்டர் லெம்பேட் என்று பெயர். ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றி அனுப்பும் வேலை. அவர் குரலுக்குப் பின்னால் மீன் வாடியின் சத்தம் கேட்டது. "அந்தத் தாயைப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

அக்காவிடம் சொன்னேன். "உயிரோட இருக்கிறானே?" என்று இரண்டு தரம் கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கொல்லைப் பக்கம் போய் நின்றார்.

ஜூன் 10

நிரூபனிடம் விசா வந்துவிட்டதைச் சொன்னேன். எப்போது வந்தது என்றான். போன மாதம் என்றேன்.

"உங்களுக்கு வர விருப்பமில்லையா அம்மா?"

"விருப்பம்தான். புரட்டாசியில வாறன். மூண்டு மாசம் நிப்பன். பிறகு வீட்டுக்கு வந்திடுவன்."

"அந்தக் கட்டில்..."

"மூண்டு மாசம் படுக்கிறதுக்கும் கட்டில் வேணும்தானே."

சிரித்தானோ என்னவோ, படம் உறைந்துவிட்டது. திரும்ப எடுத்தான். மரக்கறித் தோட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டான்.

ஜூன் 16

சில்வெஸ்டர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் கருவாட்டுப் பொதி. படத்தில் இருந்தவனோடு ஒன்றும் பொருந்தவில்லை. தலையில் மயிர் இல்லை, வயிறு வைத்துவிட்டது, நடக்கும்போது மூச்சு வாங்குகிறது. காது மட்டும் அந்தக் காதுதான். நான் காதைப் பார்ப்பதைக் கண்டு கூச்சப்பட்டார்.

அரசி அக்கா படியில் நின்றார். அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி, அந்தப் பிள்ளையை விழுங்கிப்போட்டு வந்து நிக்கிறீர்?" என்றார். சில்வெஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

மேசையில் இருந்த படத்தை அக்கா எடுத்து நீட்டினார். "இது உம்மட. உம்மட அம்மாட்டக் குடும்."

"அம்மா இல்லை. அவ இந்தியாவிலயே செத்துப்போனா."

"அப்ப நீர் வைச்சிரும்."

அவர் படத்தை வாங்கிச் சன்னல் பக்கம் கொண்டுபோனார். பெருவிரலால் கண்ணாடியைத் துடைத்தார். படத்திலிருந்த தன் முகத்தைத் துடைக்கவில்லை. அதற்குப் பக்கத்தில், முதுகு காட்டி நின்ற ஒருவனின் மேல் விரல் நின்றது. கோடுபோட்ட சாரம், வெறும் மேல், இடுப்பில் ஒரு தண்ணீர்க் கான். இத்தனை ஆயிரம் பேர் பார்த்த படத்தில் நான் உட்பட ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

"இது பெனடிக்ற். என்ர அண்ணன்" என்றார் சில்வெஸ்டர். "இதுக்குப் பிறகு ஒரு கிழமையில நாங்கள் வள்ளம் ஏறினது. ராமேஸ்வரத்துக்கு. நடுவில வள்ளம் பிரண்டுபோச்சு. அம்மாவை நான் பிடிச்சிருந்தன். அண்ணனைக் கண்டுபிடிக்கேலாமல் போச்சு." விரலை எடுக்காமலே சொன்னார். "பெட்டியெல்லாம் கடலோட போனது. அண்ணன்ர ஒரு படமும் எங்களிட்ட இல்லை. மகள் போனைக் கொண்டுவந்து 'அப்பா, நீங்களா?' எண்டு காட்டேக்குள்ள, நான் என்னைப் பாக்கேல்லை அம்மா. அந்த முதுகைத்தான் பாத்தனான். என்னைப் பாக்க வரேல்லை. அவனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தனான்."

அக்கா குசினிக்குப் போய் இலை போட்டார். சில்வெஸ்டரை மணைப்பலகையில் இருத்திச் சோறு போட்டார். முருங்கைக்காய்க் கறி, பருப்பு, அவர் கொண்டுவந்த கருவாட்டிலேயே ஒரு பொரியல். தானும் பக்கத்தில் இருந்தார். நான் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுபோய் வைத்தேன்.

"பெனடிக்ற் என்ன மாதிரி ஆள்?" என்று கேட்டார் அக்கா.

சில்வெஸ்டர் கையில் சோற்றோடு அவரைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடமும் ஒருவரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னார். அண்ணன் சரியான கோபக்காரனாம். கோபம் வந்தால் சாப்பிடமாட்டானாம். ஆனால் பசி தாங்கமாட்டான், அதனால் எல்லோரும் படுத்த பிறகு சட்டியை வழிப்பானாம். ஒருநாள் அம்மா வேண்டுமென்றே சட்டிக்குள் உப்புத்தண்ணியை ஊற்றி மூடிவைத்திருக்கிறா.

அரசி அக்கா சிரித்தார். கிருபாவும் இப்படித்தான் என்று தொடங்குவார் என்று நான் எதிர்பார்த்தேன். தொடங்கவில்லை. சில்வெஸ்டரின் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டார்.

"பிறகு?" என்று கேட்டார்.